கடையநல்லூர்ச் சித்திக்கு இங்கிருந்து செய்தி போகுமா? அரட்டை குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஜோஹோவின் அரட்டை செயலியை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் செயலியைத் தினமும் திறப்பவன் இல்லை. கடையநல்லூரில் இருக்கும் சித்திக்காக அதை போனில் வைத்திருக்கிறேன். மதுரையில் எங்கள் வீட்டு ஆட்களும் நெருங்கிய சொந்தமுமாக 14 பேர் பேசிக்கொள்வது எங்கள் சொந்த சர்வரில், எக்ஸ்எம்பிபி என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த செய்தி முறை வழியாக. பெருமைக்குச் சொல்லவில்லை. அதில் உள்ள தொல்லைகளையும் கீழே எழுதத்தான் போகிறேன். அம்மா வாரம் ஒரு தடவையாவது ஒரு கேள்வி கேட்பார்: "ஏய்யா, இதுல இருந்து ஒன் சித்திக்குப் போவாதா?" போகாது. சித்தி அரட்டையில் இருக்கிறார், அம்மா எங்கள் சர்வரில் இருக்கிறார். இரண்டு செயலிகளும் அக்கா தங்கை வைத்திருக்கும் போன்களில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்காது.

2025 செப்டம்பர் கடைசியில் உங்கள் செயலிக்குக் கூட்டம் குவிந்தது நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது 3,50,000 ஆனது என்று ஜோஹோவைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு எழுதினார். அதே நாட்களில் அவர் இன்னொன்றும் சொன்னார். செய்தி அனுப்பும் செயலிகள் யூபிஐ மாதிரி, மின்னஞ்சல் மாதிரி ஒன்றோடொன்று பேச வேண்டும், வாட்ஸ்அப் மாதிரி மூடிக் கிடக்கக் கூடாது, ஜோஹோவுக்கு ஏகபோகமாக இருக்க ஆசை இல்லை என்றார். இதற்கான நெறிமுறைகளை, அதாவது செயலிகள் பேசிக்கொள்ளும் விதிகளை, தரப்படுத்தி வெளியிட இந்திய மென்பொருள் துறைக்கான ஐஸ்பிரிட் அமைப்பின் ஷரத் சர்மாவோடு பேச்சைத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம்கூடச் சொன்னேன். "அப்ப சீக்கிரம் போவும்னு சொல்லு" என்றார்.

அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. யூபிஐயும் மின்னஞ்சலும் ஒன்றா என்ன?

யூபிஐயில் நான் எந்தச் செயலியில் இருந்தாலும் நீங்கள் எந்தச் செயலியில் இருந்தாலும் பணம் போகிறது, உண்மைதான். ஆனால் நடுவில் யூபிஐயை நடத்தும் என்பிசிஐ இருக்கிறது. அதில் சேர வங்கியாக இருக்க வேண்டும், அல்லது வங்கியைப் பிடித்துக்கொண்டு அனுமதி வாங்கிய நிறுவனமாக இருக்க வேண்டும். பணம் என்பதால் அப்படி இருப்பதில் எனக்குக் குறையில்லை. மின்னஞ்சல் வேறு மாதிரி. ஒரு டொமைன் (இணையப் பெயர்) வாங்கி ஒரு சர்வர் வைத்தவன் எவனும் அதில் ஓர் ஆள். எங்கள் டொமைனில் ஒரு சின்ன மெயில் சர்வரும் ஓடுகிறது. அங்கிருந்து ஜோஹோ மெயில் முகவரி ஒன்றுக்குக் கடிதம் போட்டால் உங்கள் சர்வர் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை, நான் உங்களிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கடிதம் போய்ச் சேர்கிறது.

ஆக, என் கேள்வி இதுதான். அரட்டை திறக்கப்போவது யூபிஐ வகையிலா, மின்னஞ்சல் வகையிலா? முதல் வகை என்றால் நாலைந்து பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் கதவு வைத்துக்கொள்ளும். 14 பேர் இருக்கும் எங்கள் சர்வர் தெருவிலேயே நிற்கும். ஐரோப்பாவில் அதுதான் நடந்திருக்கிறது. அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் 2025 நவம்பரில் வாட்ஸ்அப் வெளிச் செயலிகளுக்கு வழி விடுவதாக அறிவித்தது. அப்போது உள்ளே வந்தவை பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு. வாட்ஸ்அப் போட்ட நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டு ஒப்பந்தம் செய்தால்தான் வரலாம். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் அதை மின்னஞ்சல் மாதிரி என்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் சர்வர் வந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். தங்கை மகனுக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலில் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடி என்னுடையது, அழைப்பு வேலை அம்மாவுடையது. அச்சடித்த அழைப்பிதழைப் படம் எடுத்து ஒரு செயலியில் (எது என்று சொல்லப்போவதில்லை) ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டே போனார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தொண்ணூறு பேர் இருக்கும். சாயங்காலம் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். விதிகளை மீறியதாக ஒரு வரி, மறுபரிசீலனை கேட்க ஒரு பொத்தான். அழுத்தினோம். மூன்று தடவை ஒரே பதில் வந்தது, எழுத்து மாறாமல். பதினோராம் நாள் கணக்கு தானாகத் திறந்துகொண்டது. அதற்குள் காதுகுத்து முடிந்து நாலு நாள். நடுவில் அம்மா பழைய டைரியை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு நம்பராக போன் போட்டார். அழைப்பு போகாததைவிட, "நான் என்ன தப்பு செஞ்சேன்னு யார்கிட்ட கேக்க?" என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

வேறு செயலிக்கு மாறியிருக்கலாமே என்பீர்கள். மாறினால் மட்டும்? அங்கேயும் ஒரு கதவுதான், சாவி அங்கேயும் வேறொருவர் கையில். உங்களிடமும் ஒரு தானியங்கி இருக்கும். அதற்கும் காதுகுத்து எது, குப்பை விளம்பரம் எது என்று ஒருநாள் குழம்பும். உங்களைக் குறை சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேரை ஓரிடத்தில் வைத்தால் அப்படித்தான் ஆகும். பூட்டுவதே கூடாது என்று நான் கேட்கவில்லை. பூட்டினால் அம்மா இன்னொரு வாசல் வழியாக வந்து அதே தொண்ணூறு பேரிடம் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஸ்னிக்கெட் போட்டேன். ப்ராசடி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரைக் குடும்பங்களுக்கு ஏற்றபடி பொட்டலம் கட்டியதுதான் ஸ்னிக்கெட். முதலில் வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில்தான் முயன்றேன். எங்கள் பிராட்பேண்ட் இணைப்பில் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் வந்து கதவைத் தட்ட முடியாது. கரண்ட் போகிற கதை தனி. சரி என்று மாதம் 400 ரூபாய்க்குள் ஒரு வாடகை சர்வர் எடுத்தேன். 14 பேருக்கு அது அதிகம், பாதி நேரம் சும்மாதான் கிடக்கிறது.

அம்மாவைச் சேர்த்ததற்கு அரை நிமிடம் ஆனது. என் திரையில் ஒரு கியூஆர் சதுரம், அவர் போனில் கேமரா, ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். போன் நம்பர் கேட்கவில்லை, ஓடிபி வரவில்லை. "ஓடிபி வரலியே, சரியா போட்டியா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். அதன்பிறகு அரை நாள் போனோடு மல்லுக்கட்டினேன். அவருடைய போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பின்னால் ஓடும் எதையும் கொன்றுபோடும். பெரிய செயலிகளுக்கு மட்டும் விலக்கு. எங்கள் செயலிக்கு அந்த விலக்கு வாங்க அமைப்புகளுக்குள் நாலு அடுக்கு இறங்க வேண்டியிருந்தது. இன்றும் புதிதாக யாரைச் சேர்த்தாலும் பாதி வேலை அதுதான்.

இது எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல், மற்றவர்களும் படிப்பார்கள். அம்மாவின் முகவரி மின்னஞ்சல் முகவரி மாதிரியே இருக்கும்: பெயர், அட் குறி, எங்கள் டொமைன். சென்னையில் என் நண்பன் ஒருவன் தனக்கென்று ஒரு சர்வர் வைத்திருக்கிறான். அவன் வீட்டில் போடும் நாரத்தங்காய் ஊறுகாய் அம்மாவுக்குப் பிடிக்கும். அம்மா அவனுக்கு "ரெண்டு பாட்டில்" என்று எழுதினால் எங்கள் சர்வர் டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் புத்தகத்தில் அவன் டொமைனைத் தேடுகிறது, 5269 என்ற போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) அவன் சர்வரைக் கூப்பிடுகிறது, சான்றிதழைப் பார்த்து ஆள் சரிதான் என்று உறுதி செய்துகொண்டு செய்தியை ஒப்படைக்கிறது. செய்தி ஓமெமோ என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருப்பதால் என் சர்வருக்கும் படிக்கத் தெரியாது, அவன் சர்வருக்கும் தெரியாது. அம்மா ஸ்னிக்கெட் செயலியில் இருக்கிறார், நண்பன் கான்வர்சேஷன்ஸ் வைத்திருக்கிறான், ஐபோன் வைத்திருக்கும் தங்கை மோனல் போட்டிருக்கிறாள். மூன்றையும் வெளியிடுவது மூன்று வேறு தரப்பினர். பேசிக்கொள்ள ஒருவரும் இன்னொருவரிடம் அனுமதி வாங்கவில்லை.

குறைகளைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. சான்றிதழ் 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தானாக நடக்கும்படிதான் வைத்திருக்கிறேன், ஆனால் நான் எதையோ மாற்றப்போய் அது நின்றுபோனது எனக்குத் தெரியவில்லை. தீபாவளி காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூர் மாமா போன் போட்டு, "மாப்ளே, நம்ம கம்பெனி மூடியாச்சா?" என்றார். எண்ணெய்க் கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். புதுப் போனுக்கு மாறினால் பழைய பூட்டிய செய்திகள் அங்கே திறக்காது, அதற்காகச் சித்தப்பா என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார். யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது சர்வர் வைத்திருக்கும் எனக்குத் தெரிய வாய்ப்புண்டு. நான் பார்ப்பதில்லை என்றால் அவர்கள் நம்ப வேண்டியதுதான். ஊரில் எல்லோரும் சொந்த சர்வர் வைக்க வேண்டும் என்று நான் சொல்லாததற்கு இதெல்லாம் காரணம். பெரும்பாலானவர்களுக்கு உங்களைப் போன்ற ஒரு நிறுவனம் நடத்தும் சர்வர்தான் சரி. சித்திக்கு அரட்டைதான் சரி. அவரை இங்கே இழுத்து வருவது என் நோக்கமே இல்லை.

இனி நான் ஏன் அவசரப்படுகிறேன் என்று சொல்ல வேண்டும். இதில் எங்கள் மாதிரி ஆட்கள் ஒருமுறை சூடுபட்டவர்கள்.

ஜாபர் என்ற பெயரில் இந்தத் தொழில்நுட்பத்தை ஜெரமி மில்லர் வெளியிட்டது 1999இல். 2004இல் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு அதை எக்ஸ்எம்பிபி என்று தரப்படுத்தியது, 2011இல் ஆர்எஃப்சி 6120 என்ற தர ஆவணமாகத் திருத்தி எழுதியது. கூகுள் டாக் 2005இல் இதன்மேல்தான் வந்தது. 2006 ஜனவரியில் வெளி சர்வர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். ஜிமெயில் இருக்கும் யாரோடும் நம் சர்வரிலிருந்தே பேசலாம் என்ற நிலை அப்போது நிஜமாகவே இருந்தது. 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்தது. அதில் வெளி சர்வர்களுக்கு இடமில்லை. ஒரே நாளில் கதவைச் சாத்தவில்லை, ஆட்களை மெல்ல மெல்ல அடுத்த அறைக்கு நகர்த்தினார்கள். பழைய அறையின் விளக்கை ஒருவழியாக 2022இல் அணைத்தார்கள். சொந்த சர்வர் வைத்திருந்தவர்களின் நண்பர் பட்டியலில் பாதிப் பேர் இப்படித்தான் ஒவ்வொருவராகச் சாம்பல் நிறமானார்கள்.

வாட்ஸ்அப் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் தொடக்கத்தில் எடுத்து மாற்றி அமைத்துக்கொண்டது ஈஜாபர்டி என்ற திறந்த எக்ஸ்எம்பிபி சர்வரைத்தான். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்து வீட்டைக் கட்டினார்கள், மதிலுக்கு வெளியே ஒரு குழாய்கூட வைக்கவில்லை. 2014இல் அந்த வீடு 1,900 கோடி டாலருக்கு விலைபோனது.

கூகுள் திறந்தது ஆள் குறைவாக இருந்தபோது, மூடியது ஆள் சேர்ந்தபிறகு. இதில் யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. கூட்டம் சேர்ந்தபின் திறந்து வைப்பதால் கம்பெனிக்கு லாபம் தெரிவதில்லை, செலவு மட்டும் தெரிகிறது. அதனால்தான் "முதலில் வளர்கிறோம், அப்புறம் திறக்கிறோம்" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று பயப்படுகிறேன்.

புதிதாக ஒரு நெறிமுறை எழுதப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இரண்டு முறை யோசியுங்கள். எழுதும் திறமை உங்களுக்கு இல்லை என்பதல்ல. ஏற்கெனவே எக்ஸ்எம்பிபி இருக்கிறது, அதே மாதிரி இன்னொரு திறந்த நெறிமுறையான மேட்ரிக்ஸ் இருக்கிறது. மேட்ரிக்ஸின்மேல் பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக டிசாப் என்ற செயலியை நடத்துகிறது, ஜெர்மன் ராணுவத்துக்கும் அதன்மேல் ஒன்று இருக்கிறது. குழுப் பேச்சைப் பூட்டுவதற்கு எம்எல்எஸ் என்ற தரம் 2023இல் ஆர்எஃப்சி 9420 ஆக வந்துவிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் செயலிகள் தங்களுக்குள் பேசுவதற்கான தரத்தை எழுதவே ஐஇடிஎஃப்பில் மிமி என்றொரு குழு இருக்கிறது. அங்கே போய் உட்காருங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு நிறுவனம் அந்த மேசையில் இருப்பது எங்களுக்கும் பெருமைதான்.

நான் கேட்பது சின்ன விஷயம். வீடியோ வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், குழுக்களும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு பேருக்கிடையே எழுத்துச் செய்தி மட்டும் போகும் ஒரு சின்ன வாசல். அதையும் மூடியபடியே வையுங்கள். வேண்டும் என்பவர் தன் அமைப்புகளில் போய்த் திறந்துகொள்ளட்டும். சித்தி தன் அக்காவின் முகவரியைத் தானே சேர்த்தால்தான் அக்காவின் செய்தி அவருக்கு வரும் என்று வைத்தாலும் சரி.

ஸ்பேம் வரும் என்பீர்கள். வரும். எங்கள் சர்வருக்கே ஏதோ ஒரு மொழியில் ஏதோ ஒரு நாணயம் விற்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். தெரியாதவரின் செய்தியைத் தனிப் பெட்டியில் போடுவது, தொல்லை தரும் டொமைனை மொத்தமாகத் தடுப்பது, புது டொமைனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை செய்தி என்று அளவு வைப்பது, இதெல்லாம் மெயில் நடத்தும் உங்களுக்கு அத்துப்படி. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெரிய மெயில் கம்பெனிகள் சில, சின்ன சர்வர் என்றாலே சந்தேகப்பட்டு அதன் கடிதங்களைக் குப்பைக் கூடையில் தள்ளுகின்றன. அந்தப் பழக்கம் மட்டும் இங்கே வர வேண்டாம்.

அரசு என்ன சொல்லும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று 14 செயலிகளைத் தடுத்தார்கள். அதில் மேட்ரிக்ஸ் செயலியான எலிமென்டும் இருந்தது, பிரையரும் இருந்தது. ஒரு நெறிமுறையின்மேல் பலர் செயலி எழுதலாம், அதில் ஒன்றைத் தடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா என்று எனக்கு அப்போதே சந்தேகம். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு உங்கள் மேசைக்கே வந்திருக்கும். போனில் சிம் இருந்தால்தான் செயலி ஓட வேண்டும், கணினியில் திறந்த பேச்சு 6 மணி நேரத்துக்குள் தானாக வெளியேற வேண்டும் என்று. சைபர் மோசடியைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். மோசடியில் பணம் இழந்தவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், அதனால் அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஒரு மனிதரின் முகவரி அவருடைய சிம் கார்டு மட்டும்தான் என்று முடிவுகட்டினால், சிம் இல்லாத டேப்லெட்டில் பேத்தியின் முகம் பார்க்கும் என் அம்மா மாதிரி ஆட்கள் எங்கே போவார்கள்? அரசிடம் இதைச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் சொன்னால் அது ஒரு மடல். நீங்கள் சொன்னால் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். "சுதேசி" என்று உங்கள் செயலியைக் கொண்டாடுகிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். பெயரும் நம் பெயர், தென்காசிப் பக்கம் நடந்து போனால் உங்கள் ஆட்களைப் பார்க்கலாம். ஆனால் அம்மாவின் கணக்கு பூட்டப்பட்ட அந்த பதினோரு நாளும் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. வேறு வழி இருக்கிறதா என்றுதான் கேட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோதனைக்கு ஆள் தேவைப்பட்டால் நாங்கள் தயார். எங்கள் சர்வரில் 5269 திறந்தேதான் இருக்கிறது, சான்றிதழும் இப்போது ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் பக்கம் ஒரு சோதனை டொமைன் இருந்தால் போதும். கடையநல்லூரில் சித்தியின் மகனிடம் பேசிவிட்டேன், சித்தி போனில் எதை அமுக்க வேண்டுமோ அவன் அமுக்கித் தருவான். அம்மா முதல் செய்தியை இப்போதே யோசித்து வைத்திருக்கிறார். போன தடவை சித்தி செய்து அனுப்பிய முறுக்கில் உப்பு தூக்கலாம். அதை போனில் சொன்னால் சண்டை வரும், எழுதினால் வராது என்பது அவருடைய கணக்கு.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து,
14 பேருக்கு சர்வர் நடத்தும் ஒருவன்